குங்குமத்துக்கு அடியில்

வன்னியபெருமாளைத் தேடி மாடி ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் ஓடிப்போன யாரையாவது பற்றிப் பேசத்தான் வருவார்கள். ஓடிப்போன மகள், ஓடிப்போன மருமகன், ஊர்ச் சீட்டோடு ஓடிப்போன சித்தப்பா. கோவில்பட்டியில் துப்பறிகிறவனுக்கு வேறென்ன பிழைப்பு இருக்கிறது? ஆனால் ஆயுத பூஜை கழிந்த அந்தச் சனிக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில், கடலை மிட்டாய்க் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைக்குள் வந்து உட்கார்ந்த பெரியவர் வீட்டில் யாரும் ஓடிப்போகவில்லை. அவர் மகள் மறுநாள் ராத்திரி ஒழுங்காக டிக்கெட் எடுத்து ரயிலேறி, திங்கட்கிழமை சென்னையில் வேலைக்குச் சேர இருந்தாள். அதற்குள் அவள் தலையில் ஒரு பழி வந்து விழுந்துவிட்டது.

பெரியவர் பெயர் ஆசீர்வாதம். கழுகுமலை ரோட்டில் பெருமாள்சாமி முதலாளியின் தீப்பெட்டி ஆபீசில் வாட்ச்மேன். அந்தப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, மடியில் ஒரு துணிப்பை. பையைப் பெஞ்சில் வைக்கச் சொன்னாள் உதவியாளர் சத்யபிரியா. பரவாயில்லை என்றார். டீ கொடுத்தபோது ஒரு கையால் வாங்கிக் குடித்தார். இன்னொரு கை பையின் மேலேயே இருந்தது.

மகள் ஆஸ்லின் அதே ஆபீசில் கம்ப்யூட்டரில் தீப்பெட்டி லேபிள் வரைகிறவள். மூன்று வருட வேலை முழுக்க அந்த ஒரே கம்ப்யூட்டருக்குள் இருந்தது. வியாழக்கிழமை பூஜைக்கு நிறுத்தி, இன்று காலை போட்டிருக்கிறார்கள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து: டிஸ்க் பூட் ஃபெயிலியர். மெக்கானிக் ஜேம்ஸ்ராஜ் வந்து விண்டோசைப் புதிதாக ஏற்றிப் பார்த்தான். மூன்று தடவையும் பாதியில் நின்று, உள்ளே ஹார்டு டிஸ்க்கே இல்லை என்று சாதித்தது. டிஸ்க் செத்துப் போச்சு என்று கையை விரித்துவிட்டான். வேலையை விட்டுப் போகிறவள் வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, அவளை ஆபீஸ் அறையிலேயே உட்கார வைத்திருக்கிறார்.

"ஐயா, எம் பிள்ள மேல ஒரு தப்பும் கிடையாது," என்றார் ஆசீர்வாதம். "அத மட்டும் நீங்க சொல்லிட்டாப் போதும். வேற யாரையும் கண்டுபிடிக்கக் கூட வேண்டாம்."

துப்பறிகிறவனிடம் வந்து யாரையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். வன்னியபெருமாள் அதைக் கேட்டு மனசுக்குள் ஒரு கசந்த சிரிப்புச் சிரித்துக்கொண்டான். பதினேழு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த தீப்பெட்டி ஆபீஸ்களை ஆராய்ந்தவன் அவன். எரிந்தது எப்படி என்று கண்டுபிடிக்கத்தான் சம்பளம். ஆனால் எல்லாருக்கும் பிடித்த பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு: மின்கசிவு. மின்கசிவு என்று எழுதினால் முதலாளிக்கும் சந்தோஷம், கம்பெனிக்கும் நிம்மதி, செத்தவர்களுக்கு மட்டும் வாய் கிடையாது. ஒரே ஒரு தடவை, கரண்ட் கனெக்‌ஷனே இல்லாத ஒரு கொட்டகை எரிந்தபோது, அந்த வார்த்தையை எழுத மாட்டேன் என்று அடம்பிடித்தான். அடுத்த மாதம் அவன் வேலை போய், இந்த மாடி ஏறித் துப்பறிகிறவன் என்று போர்டு மாட்ட வேண்டி வந்தது.

"கம்ப்யூட்டர் கேசுன்னா நமக்கு ஒண்ணுந் தெரியாதே சத்யா," என்றான்.

"அதனாலென்ன அண்ணாச்சி? போன மாசம் ஆடு காணாமப் போன கேசு எடுத்தோம். ஒங்களுக்கு ஆட்டப் பத்தி மட்டும் என்ன தெரிஞ்சுச்சு?"

சத்யபிரியா காலையில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுப்பாள், மீதி நேரத்தில் இவனுக்கு எடுப்பாள். அந்த வாய்க்குப் பூட்டுச் செய்கிற ஆசாரி இன்னும் பிறக்கவில்லை.

மூவரும் ஆட்டோவில் கிளம்பினார்கள். கழுகுமலை ரோடு அந்த வருடம் இருந்த இருப்புக்கு, அதை ரோடு என்று சொல்வதே பாவம். இரண்டு பக்கமும் மழை காணாத கரிசல் பிளந்து கிடந்தது. பள்ளம் வரும்போதெல்லாம் ஆசீர்வாதம் பையை மடியிலிருந்து இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சுக்கு நேராக அந்தரத்தில் பிடித்துக்கொண்டார். பள்ளம் தாண்டியதும் மறுபடி மடியில் இறக்கினார்.

"மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்பாவ," என்றாள் சத்யபிரியா. "பெரியவருக்குக் கொழம்பு சிந்திரும்னு பயம் போல."

அவர் சிரிக்கவில்லை. பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். துணைக்கு மகளைத் தவிர ஆள் இல்லாத வீட்டில் சோறு பொங்கிக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு அதைச் சிந்த மனசு வராதுதான் என்று வன்னியபெருமாள் நினைத்துக்கொண்டான்.

ஆபீஸ் வாசலில் இறங்கியதும் ஆசீர்வாதம் கேட்டுக்குப் பக்கத்தில் தன் ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரச் சொன்னதற்கு, கேட்டைப் போட்டுவிட்டு வர முடியாது என்றார்.

பெருமாள்சாமி முதலாளி கெட்டவர் மாதிரி இருக்கவில்லை. கெட்டவர்கள் எங்கே அப்படி இருக்கிறார்கள்? வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், தழுதழுத்த குரல். ஒன்றும் தெரியாமல் வந்த பிள்ளையைத் தன் செலவில் படிக்க வைத்து, கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பெற்ற பிள்ளை மாதிரி வைத்திருந்ததாகச் சொன்னார். சென்னைக்காரன் ஒருவன் இந்த ஆபீஸ் போனுக்கே பேசி, இவர் வாயாலேயே அவளைக் கூப்பிட வைத்து வேலை கொடுத்திருக்கிறான். போகாதே என்று கெஞ்சிப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை.

"போறது போகட்டும் அண்ணாச்சி. இருக்கதையும் கெடுத்துட்டுப் போகணுமா? வெளிநாட்டு ஆர்டருக்குப் புது லேபிளு இன்னைக்குச் சிவகாசி பிரஸ்சுக்குப் போயாகணும். நான் எங்க போய் முட்டிக்கிட?"

அறைக்குள் கம்ப்யூட்டர் பக்கவாட்டு மூடி இல்லாமல் குடல் தெரிய நின்றது. சூட்டுக்காக எப்போதும் அப்படித்தானாம். பக்கத்தில் மேஜை ஃபேன் அதன் வயிற்றுக்குள் காற்றடித்துக்கொண்டிருந்தது. மானிட்டர், கீபோர்டு, ஸ்டேப்ளர், எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். முதலாளியம்மா ஜானகியம்மாள் பூஜையில் ஒன்றையும் விடமாட்டார்களாம்.

"மவுசுக்கும் பொட்டா," என்றாள் சத்யபிரியா. "எலிக்கு இம்புட்டு மரியாத பிள்ளையார் வீட்டுலகூடக் கெடச்சிருக்காது."

மூலையில் நாற்காலியில் ஆஸ்லின் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அழுது முடித்த முகமும் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பூஜைக்காக ஹார்டு டிஸ்கை வெளியே எடுத்து மனையில் வைக்கச் சொன்னது ஜானகியம்மாள்தான். மூன்று வருடமாக அதுதான் வழக்கம். பூஜை முடிந்ததும் அவளே திரும்ப மாட்டினாள். ஆயுதத்தை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதால் போட்டுப் பார்க்கவில்லை, கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். சாவி அவளிடம் ஒன்று, முதலாளியிடம் ஒன்று, கேட்டில் ஒன்று.

"பிறகு கெடாம என்ன செய்யும்?" என்றார் முதலாளி. "அத கழட்டிக் கழட்டி பஸ்சுல தூக்கிட்டு அலைஞ்சா?"

அதுவும் உண்மைதான். லேபிள் படம் ஒவ்வொன்றும் அவ்வளவு பெரிது, ஃப்ளாப்பியில் அடங்காது. அதனால் லேபிள் முடிந்த அன்று அவள் ஹார்டு டிஸ்கையே கழற்றித் துண்டில் சுற்றிச் சிவகாசி பஸ்ஸில் பிரஸ்ஸுக்குக் கொண்டுபோவாள். அங்கே படத்தைத் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு டிஸ்கைத் திரும்பக் கொடுப்பார்கள். சுற்று வட்டாரத்தில் நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள். துணைக்கு அப்பா வருவார்.

"மூணு வருசமா ஒரு கீறல் விழுந்தது கிடையாது மொதலாளி," என்றாள் ஆஸ்லின்.

சென்னை கம்பெனி அச்சான லேபிள்களைப் பார்க்க விரும்பவில்லை. அச்சாகாத அவளுடைய சொந்த டிசைன்களைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொல்லியிருந்தது. அவையும் அதே டிஸ்கில்தான் இருந்தன. இன்று பிரஸ்ஸுக்குப் போகும்போது அங்கே ஒரு சிடியில் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தாள். தன் வேலையைத் தானே கொலை செய்துவிட்டு வேலைக்குப் போகிற மடச்சி யாராவது உண்டா? வன்னியபெருமாள் இதை முதலாளியிடம் கேட்டான். கோபக்காரனுக்குக் கணக்கு ஏறாது. அவர் காதில் வாங்கவில்லை.

சத்யபிரியா ஜேம்ஸ்ராஜைப் பிடித்துக்கொண்டாள். விண்டோஸ் ஏற்றியது சரி, டிஸ்கைக் கழற்றிப் பார்த்தாயா என்று கேட்டாள். அவன் நெளிந்தான். டார்ச் அடித்துப் பார்த்தானாம், குங்குமம் தெரிந்ததாம். பூஜை வைத்ததைக் கழற்றக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டாராம். அதனால் கீபோர்டில் தட்டிப் பார்த்ததோடு சரி.

"நாடி பாக்காம, மூஞ்சப் பாத்தே பொணம்னு சொல்லிட்ட," என்றாள் அவள். முதலாளி தடுக்க வாயெடுத்தார். வன்னியபெருமாள் அவரைப் பார்த்து, தான் எரிந்த ஆபீஸ்களில் சாமி படத்தையே ஆணியோடு கழற்றிப் பார்த்தவன் என்றும், எந்தச் சாமியும் கோபித்ததில்லை, ஆசாமிகள்தான் கோபித்தார்கள் என்றும் சொன்னான்.

இரண்டே ஸ்க்ரூ. கழற்றிக் கையில் எடுத்த சத்யபிரியா அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒரே வயருல ரெண்டு டிஸ்க் மாட்டலாம். யாரு மூத்தவன், யாரு எளையவன்னு சொல்லுததுக்கு இங்கன ஒரு குட்டி மூடி இருக்கும். மூத்தவன்தான் மிசின எழுப்புவான். எளையவன் தனியா இருந்தா அண்ணன் வரட்டும்னு வாயத் தொறக்காம நிப்பான். இது தம்பி. அண்ணனே இல்லாத வீட்டுல கொண்டாந்து மாட்டிருக்காவ. பெறகு எப்படி விண்டோஸ் ஏறும்?"

தலையிலிருந்த ஹேர்பின்னை உருவி, அந்தக் குட்டி மூடியைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். மறுபடி மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். செத்துப் போனதாகச் சொன்ன டிஸ்க் உர்ரென்று சுற்றியது. எழுத்துகள் ஓடின. மேகப் படத்தோடு விண்டோஸ் வந்தது. முதலாளி நெஞ்சில் கை வைத்து, பெருமாளே என்றார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "இது ரொம்பப் பழைய விண்டோஸ்," என்றாள் ஆஸ்லின், எழுந்து வந்து. "இது நம்ம டிஸ்க் இல்ல மொதலாளி. மொத கம்ப்யூட்டருல இருந்தது. பழைய கணக்க எடுக்கதுக்காக நாந்தான் ரெண்டாவதா மாட்டி எடுத்துட்டு அலமாரியில போட்டு வச்சேன்."

அப்படியானால் நல்ல டிஸ்க் எங்கே? பெருமாள்சாமி அவளையே பார்த்தார். அவர் குரலில் இப்போது தழுதழுப்பு இல்லை.

"கெடுத்துட்டன்னு நெனச்சேன். களவாண்டுருக்க."

நல்லது செய்யப் போய் அவளை இன்னும் ஆழமான கிணற்றில் தள்ளியாகிவிட்டது. கெடுத்தவளுக்காவது கைதவறிவிட்டது என்று சாக்குச் சொல்லலாம். திருடிக்கு என்ன சொல்ல? முதலாளி போன் இருந்த முன்னறைக்கு நடந்தார். சாப்பாட்டு நேரம் முடிகிற வரைக்கும் மட்டும் பொறுக்கும்படி வன்னியபெருமாள் பின்னாலேயே போய்க் கேட்டான். இன்சூரன்ஸ் காலத்தில் பழகிய முகத்துக்காக அவர் ஒப்புக்கொண்டு, ஜேம்ஸ்ராஜையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். சத்யபிரியா பழைய டிஸ்கைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். அதன் மேல் சந்தனமும் குங்குமமும் சமர்த்தாக உட்கார்ந்திருந்தன.

"அலமாரியில கெடந்த பழசுக்கு எப்படிப் பொட்டு வந்துச்சு?" என்றான் வன்னியபெருமாள். "முதலாளியம்மா இதுக்கும் வச்சாவளா?"

இல்லை என்றாள் ஆஸ்லின். அலமாரியைப் பூஜையில் திறக்கவே இல்லை. அப்படியென்றால் எடுத்தவன் வைத்த பொட்டு. டார்ச் அடித்துப் பார்க்கிறவன் ஏமாறுவதற்காக வைத்தது. பூஜைத் தட்டு ராத்திரி முழுக்க இந்த அறையிலேயேதான் இருந்திருக்கிறது.

எரிந்த இடத்தில் சாம்பலைக் கிளறிக் கிளறிப் பழகிய விரல் அவனுக்கு. எதற்கென்று தெரியாமலே குங்குமத்தை நகத்தால் சுரண்டினான். குங்குமம் உதிர்ந்தது. அடியில் வெறும் தகரம் பளபளத்தது.

சந்தனம் எங்கே? சந்தனம் சுற்றி வளையம் போட்டிருந்தது. நடுவில் குங்குமத்தை வைத்து, அதைச் சுற்றி விரலால் மஞ்சளாக ஒரு வட்டம். பூஜை வைக்கிற எந்த வீட்டுப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும்: முதலில் சந்தனம், ஈரம் காயும் முன் அதன் மேல் குங்குமம். இதை வைத்தவன் பொட்டு வைக்கிறதைப் பார்த்ததில்லை. வைத்து முடித்த பொட்டைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறான். நடுவில் சிவப்பு, சுற்றிலும் மஞ்சள். பார்த்ததைப் பார்த்தபடி வரைந்துவிட்டான்.

சத்யபிரியா தயங்கிக்கொண்டே ஆஸ்லினைப் பார்த்தாள். "தப்பா நெனைக்காத. மொதலாளி இதப் பாத்தா, கோயிலுக்குப் போறவன் செஞ்ச வேல இல்ல, சர்ச்சுக்குப் போறவ செஞ்ச வேலன்னுதான் சொல்லுவாரு."

"மூணு வருசமா சந்தனம் கொழச்சுக் குடுக்கதே நாந்தான்க்கா," என்றாள் ஆஸ்லின். "அம்மா வைக்க வைக்கத் தட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கதும் நாந்தான்."

அப்படியானால் அவள் இல்லை. ஜேம்ஸ்ராஜும் சர்ச்சுக்குப் போகிறவன்தான். ஆனால் என்ன சோம்பேறியானாலும் மெக்கானிக். அண்ணன், தம்பி மூடியை மாற்றாமல் மாட்டமாட்டான். இதை மாட்டியவனுக்கு அந்த மூடி இருப்பதே தெரியாது. ஆனால் எந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும், எந்த வயரை எங்கே செருக வேண்டும் என்று பிசகில்லாமல் தெரிந்திருக்கிறது. ஆஸ்லின் கழற்றி மாட்டுவதைப் பல தடவை பக்கத்திலிருந்து பார்த்தவன். பூஜையை மட்டும் கேட்டில் நின்று பார்த்தவன். கேட்டில் ஒரு சாவி.

வன்னியபெருமாளுக்கு ஆட்டோவின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. சோற்றுப் பையை எவன் அந்தரத்தில் தூக்கிப் பிடிப்பான்? சிவகாசி பஸ்ஸில் மூன்று வருடமாகப் பழகிய கை, தானாகவே தூக்கியிருக்கிறது.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆஸ்லின் அந்த மஞ்சள் வளையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து வெளியே நடந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்கள் வேப்ப மர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கேட்டில் ஆசீர்வாதம் மட்டும் பையை அவிழ்க்காமல் மடியில் வைத்தபடி இருந்தார்.

"சாப்பிடலியாப்பா?"

பசிக்கவில்லை என்றார்.

"பையக் குடுங்க."

அவர் மகளைப் பார்த்தார், வன்னியபெருமாளைப் பார்த்தார், பிறகு இரண்டு கையாலும் பையைத் தூக்கி, ஆடாமல் அசையாமல் அவளிடம் கொடுத்தார். துண்டில் சுற்றியிருந்தது. பிரித்தாள். ஹார்டு டிஸ்கின் மேல் ஜானகியம்மாள் வைத்த பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அடியில் சந்தனம், மேலே குங்குமம்.

அவர் சத்தமில்லாமல் சொன்னார். ரெண்டு நாளைக்கு வைத்திருந்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தாராம். காட்ட ஒன்றும் இல்லையென்றால் திங்கட்கிழமை அந்த வேலை தானாகப் போய்விடும், பிள்ளை இங்கேயே இருந்துவிடும். பம்பாய்க்குப் போன மூத்தவன் அம்மா செத்ததற்கும் வரவில்லை. இவளும் போய்விட்டால் தனக்கு யார்? முதலாளி போலீஸ் என்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியபோது உள்ளே ஆள் உட்கார்ந்திருந்தார்கள், திருப்பி வைக்க வழியில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"பெறகு என்னை எதுக்குக் கூப்பிட்டீய?" என்றான் வன்னியபெருமாள்.

"நீங்க மிசின் மேல சொல்லிருவீயன்னு நெனச்சேன் ஐயா. இல்லன்னா கரண்டு மேல. தீப்பிடிச்சா அப்படித்தான எழுதுவாவ."

வன்னியபெருமாளுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. ஆஸ்லின் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

டிஸ்கை மாட்டிச் சுவிட்சைப் போட்டபோது கம்ப்யூட்டர் மூச்சு விட்டு எழுந்தது. அவள் லேபிள்கள் வரிசையாகத் திரையில் வந்தன. கதிர் அரிவாள், பச்சைக்கிளி, தாமரைக்குளம். சாப்பிட்டுக் கையைத் துடைத்தபடி வந்த பெருமாள்சாமி திரையைப் பார்த்தார். பிறகு, எவன் எடுத்தது என்று கேட்டார். ஸ்டேஷன் நம்பர் தன்னிடம் இருப்பதாகவும் சொன்னார்.

வன்னியபெருமாள் ஒரு எட்டு முன்னால் வந்தான். உண்மையைச் சொன்னதற்காக ஒரு தடவை வேலையை இழந்தவன். இன்னொரு தடவை சொல்ல அவனுக்குப் பயமில்லை. ஆஸ்லின் முந்திக்கொண்டாள்.

"யாரும் எடுக்கல மொதலாளி. என் தப்புதான். பூச முடிஞ்சு மாட்டும்போது ரெண்டையும் மாத்தி, பழச மாட்டிட்டேன். நல்லது அலமாரியில துணிக்கு அடியில கெடந்துச்சு."

"பழசுலயும் குங்குமம் இருந்துச்சே?"

"அம்மா எல்லாத்துக்கும்தான வச்சாவ. மவுசுக்கும் வச்சாவ."

பெருமாள்சாமி வன்னியபெருமாளைப் பார்த்தார். "அப்படித்தானா அண்ணாச்சி?"

ஆஸ்லின் அவனைப் பார்க்கவில்லை. திரையில் இருந்த பச்சைக்கிளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகக் கேட்டும் ஸ்டூலும் தெரிந்தன.

"அப்படித்தான்," என்றான் வன்னியபெருமாள்.

முதலாளிக்கு உடம்பெல்லாம் இளகிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து, விட்டது சனியன் என்றார். திருட்டுப் பட்டம் கட்டியதற்கு மனசு கேட்கவில்லை, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே தாயி என்று அவளிடம் சொன்னார். அதே மூச்சில் அடுத்ததையும் சொன்னார்.

"காலையிலயே அந்த மெட்ராஸ்காரனுக்கு போன் போட்டேன். இங்க இருந்ததக் கெடுத்துட்டு வருதா, நீ சூதானமா இருந்துக்கோன்னு சொல்லிட்டேன். அவனும், அப்படிப்பட்ட பிள்ள எங்களுக்கு வேண்டாம்னுட்டான். ஆத்திரத்துல சொன்னதுதான். அதுவும் நல்லதுக்குத்தான்னு வச்சுக்கோயேன். இங்கனயே இரு."

வன்னியபெருமாள்தான், திரும்பப் போன் போட்டு நடந்ததைச் சொல்லுங்கள் என்றான்.

"என்னன்னு சொல்ல அண்ணாச்சி? கெடுக்கல, களவாங்கல, எந்த டிஸ்க் எதுன்னு தெரியாம மாட்டிப்புட்டாள்னா? அதச் சொன்னா மட்டும் கூப்புடுவானா?"

அப்பாவைக் காப்பாற்ற அவள் சொன்ன பொய், அவள் வேலையை இன்னொரு பூட்டுப் போட்டுப் பூட்டிவிட்டது. சாவி அவள் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பினால் கேட்டில் இருக்கிற மனுஷன் ஸ்டேஷனில் இருப்பார். ஆஸ்லின் சுவிட்சை அணைத்தாள். வெளிநாட்டு ஆர்டர் லேபிள் பிரஸ்ஸுக்குப் போயாக வேண்டும். இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். டிஸ்கைத் துண்டில் சுற்றினாள். பையில் வைத்தாள்.

ரோட்டு முனையில் சிவகாசி பஸ் ஹார்ன் அடித்தது. கேட்டருகே ஆசீர்வாதம் எழுந்து நின்றார். முதலாளி உரத்த குரலில் சொன்னதெல்லாம் ஜன்னல் வழியாக அவருக்கும் கேட்டிருக்கும். அவர் நினைத்தது நடந்துவிட்டது. மகள் எங்கேயும் போகவில்லை. மூன்று வருடப் பழக்கத்தில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பையை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"நீங்க வர வேண்டாம்பா," என்றாள் ஆஸ்லின். "என் மடியிலயே வச்சுக்கிடுதேன்."

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பள்ளத்தில் பஸ் குலுங்கியபோது அவள் பையைத் தூக்கிப் பிடிப்பது கேட்டிலிருந்தே தெரிந்தது. நீட்டிய கையை மடக்கத் தெரியாதவர் மாதிரி ஆசீர்வாதம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

ஆட்டோ கிடைக்கவில்லை. வன்னியபெருமாளும் சத்யபிரியாவும் கரிசல் புழுதியில் ஊர்ப் பக்கமாக நடந்தார்கள். ரயில்வே கேட் வந்ததும் அவள் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஃபைல்ல காரணம்னு போட்டு என்ன எழுதணும்?"

அவன் நிற்காமல் நடந்துகொண்டே சொன்னான்.

"மின்கசிவுன்னு எழுது."